அந்த 9,000 ரூபாயை யார் தருவார்?

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். துண்டு துண்டாக வரையறுத்த சார்பு, அதாவது எக்ஸின் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு சமன்பாடு உள்ள சார்பு வந்தால், கெட்டிக்காரப் பிள்ளைகளும் வெட்டுத்துண்டில், அதாவது வரைபு அச்சை வெட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் வழுக்குகிறார்கள். சமன்பாடு தீர்க்கத் தெரியாமல் இல்லை. தீர்த்ததும் பேனையை வைத்துவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை.

போன வாரம் பலகையில் ஒன்று எழுதினேன். எக்ஸ் 0 இலும் சிறிதென்றால் வை = எக்ஸ் − 2. எக்ஸ் 0 அல்லது அதற்கு மேலென்றால் வை = எக்ஸின் வர்க்கம் − 9. ஒரு தம்பி எக்ஸ் அச்சில் 2, 3, −3 என மூன்று வெட்டு எழுதினான். வை அச்சில் −2, −9 என இரண்டு.

"ரெண்டு சமன்பாடு சேர், ரெண்டு விடை வரும்தானே?"

வராது. 2 என்பது நேர்கோட்டின் விடை. அந்தக் கோடு 0 இற்கு இடப்பக்கம் மட்டுமே இருக்கிறது. −3 வளைகோட்டின் விடை. அதுவோ 0 இல்தான் தொடங்குகிறது. மிஞ்சுவது 3 மட்டும். வை அச்சுக்கு, சமன் குறி எந்தத் துண்டில் இருக்கிறது, அதாவது 0 எந்தத் துண்டில் சேர்கிறது என்று பார்த்தால் போதும்: −9. சார்பில் ஒரு எக்ஸுக்கு ஒரு வைதான்; வை அச்சை இரண்டு இடத்தில் வெட்டினால் அது சார்பே இல்லை. எந்தத் துண்டுமே 0 ஐச் சேர்க்காவிட்டால் வை வெட்டுத்துண்டே கிடையாது, இதையும் துணிந்து எழுதலாம். அதேபோல், வரைபு அச்சுக்குக் கீழிருந்து மேலே தாவினால் குறி மாறும், ஆனால் அச்சை வெட்டியிருக்காது.

சரி, இதெல்லாம் பரீட்சைக்கு மட்டுமா? சம்பளத்தில் வெட்டும் வரியைப் பாருங்கள். இலங்கையில் 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் ஏறத்தாழ 233,333 வரையான பகுதிக்கு 6 வீதம், அடுத்த பகுதிக்கு 18 வீதம். சம்பளத்தை எக்ஸ், வரியை வை என வைத்து 6 வீதத் துண்டைச் சமன்பாடாக எழுதினால் சம்பளத்தின் 6 வீதம் கழித்தல் 9,000. இதில் எக்ஸுக்கு 0 போட்டால் −9,000. சம்பளமே இல்லாதவருக்கு அரசாங்கம் 9,000 ரூபாய் தருகிறதாம்! இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பிழை உடனே பிடிபடுகிறது.

18 வீதத் துண்டு அப்படிக் காட்டிக்கொடுக்காது. அது சம்பளத்தின் 18 வீதம் கழித்தல் 37,000. பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் 205,556 அளவில் விடை வரும். பார்த்தால் நம்பும்படியான சம்பளம்தான். ஆனால் அது 6 வீதத் துண்டின் எல்லைக்குள் விழுகிறது. அந்தச் சம்பளக்காரர் உண்மையில் 3,333 ரூபாய் அளவில் வரி கட்டுகிறார்.

ஆகவே என் வகுப்பில் விடைக்குப் பக்கத்தில் அதன் ஆயிடையையும், அதாவது அந்தத் துண்டு செல்லுபடியாகும் எக்ஸ் எல்லையையும் எழுதாவிட்டால் சரி போடமாட்டேன். கொஞ்சம் கறார்தான்.

அப்புறம், இந்த வரி வரைபு எக்ஸ் அச்சை எங்கே சந்திக்கிறது என்று கேட்டேன். அதே தம்பி கொஞ்சநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேர், 0 இலயிருந்து 150,000 வரைக்கும் அச்சிலயேதானே படுத்திருக்கு?"

அதையே ஆயிடையாக எழுதச் சொன்னேன்.