சாந்தம்: சொல்லும் பொருளும்

"அவரா, ரொம்ப சாந்தமானவர், வாயே திறக்கமாட்டார்" என்று சொல்கிறோம் அல்லவா, அங்கே சாந்தம் என்றால் சத்தம் போடாமல் இருப்பது, அவ்வளவுதான். வேதாகமத்தையும் இதே பொருளோடு படித்தால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

சாந்தம் வடசொல். 'சம்' என்ற வேரிலிருந்து வந்தது. தணிதல், அடங்குதல் என்று பொருள். கலாத்தியர் 5:22-23இல் அப்போஸ்தலன் பவுல் சொல்லும் ஆவியின் கனியில், அதாவது பரிசுத்த ஆவி நமக்குள் விளைவிக்கும் ஒன்பது குணங்களில், இது எட்டாவது. கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது 'பிரயூடேஸ்'. இதன் பழைய வடிவத்தைப் பவுலுக்கு முன்பே அரிஸ்டாட்டில் விளக்கியிருக்கிறார்: எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுவதற்கும் கோபமே வராமல் மரத்துப்போவதற்கும் நடுவில் நிற்கிற குணம்.

ஆக, கோபமே வராதவர் என்று பொருள் இல்லை. பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று எண்ணாகமம் 12:3 மோசேயைச் சொல்கிறது. ஜனங்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டியைக் கண்டதும் கோபத்தில் பத்துக் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை உடைத்தவரும் அவர்தான். அந்த வசனம் எங்கே வருகிறது என்று பாருங்கள். கூடப்பிறந்த மிரியாமும் ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசுகிறார்கள், மிரியாமுக்குக் குஷ்டம் பிடிக்கிறது, தன்னைத் தூற்றிய அந்த அக்காவைக் குணமாக்கும்படி கர்த்தரிடம் கெஞ்சுகிறவர் மோசே.

கலாத்தியர் 6:1 இதை இன்னும் கிட்டத்தில் கொண்டுவருகிறது. குற்றத்தில் அகப்பட்டவனை 'சாந்தமுள்ள ஆவியோடே' சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்கிறார் பவுல். சீர்பொருந்தப்பண்ணுவதற்கு அங்கே வரும் கிரேக்க வினை, யாக்கோபும் யோவானும் படவில் வலைகளைப் பழுதுபார்த்தார்களே (மத்தேயு 4:21), அதே வினை. கிழிந்த வலையை வெடுக்கென்று இழுத்தால் ஓட்டை பெரிதாகும். குடிப்பழக்கத்தால் பல மாதம் ஆலயப் பக்கமே வராத ஒருவர் ஒரு ஞாயிறு தயங்கித் தயங்கி வாசலுக்கு வருகிறார்; "என்னப்பா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். கேட்டவர் குரலை உயர்த்தவேயில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனாலும் அது சாந்தம் இல்லை.

சரி, நல்ல தமிழ்ச் சொல் எது? மென்மை பேச்சுக்கும் தொடுகைக்கும் பொருந்தும், ஆனால் மோசேயிடம் பார்த்த, கோபத்தை ஆளுகிற உறுதி அதில் இல்லை. பணிவு வேறு குணம். இயேசுவே "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறார். 1995இல் வந்த திருவிவிலியம் என்ற வேதாகம மொழிபெயர்ப்பு 'கனிவு' என்று எடுத்திருக்கிறது: "கனிவுடையோர் பேறுபெற்றோர்." எனக்கு இதுதான் சரியான சொல். சாந்தமாக ஒருவர் தனியறையில்கூட இருக்கலாம், கனிவு காட்ட எதிரே ஒரு ஆள் வேண்டும். இனிய சொல் இருக்க இன்னாத சொல்வதை, "கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று" என்று வள்ளுவர் சொன்னதும் ஆவியின் கனி என்பதோடு எவ்வளவு அழகாகச் சேருகிறது!

மனப்பாட வசனத்தில் சாந்தம் அப்படியே இருக்கட்டும், பழகிய சொல். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் அர்த்தம் கேட்டால் மட்டும் 'அமைதி' என்று சொல்லாமல் 'கனிவு' என்று சொல்லிக்கொடுங்கள், அப்புறம் மிரியாம் கதையையும் சொல்லுங்கள்.