எடை ஈயில் இல்லை, கயிற்றில்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட ஓடைகளில் தூண்டில் போடுகிறவர்கள் கையில் செம்பனைப் பழம் இருக்கும். லம்பாம், கெலா மீன்கள் அதை விரும்பித் தின்னும். உதிரிப் பழம் ஒன்று ஏறத்தாழ 10 கிராம். முள்ளில் குத்தி வீசினால் பழம் முன்னே பறக்கும், நைலான் நரம்பு அதன் பின்னால் ஓடும்.

செயற்கை ஈக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மீன் பூச்சியென்று ஏமாற, முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த அதற்கு எடையே இல்லை எனலாம், எவ்வளவு ஓங்கி எறிந்தாலும் காலடியில்தான் விழும். அதனால் எடையைக் கயிற்றில் வைத்தார்கள். இந்தக் கயிறுகளுக்கு எடையை வைத்து எண் உண்டு. நான்காம் எண் கயிற்றின் முதல் 30 அடி, அதாவது 9 மீட்டர் சொச்சம், 7.8 கிராம் இருக்கும். சின்னச் செம்பனைப் பழம் ஒன்றை 9 மீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிரமமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பழம் ஒரே உருண்டை, எங்கிருந்தும் வீசலாம். நீண்டு கிடக்கும் எடையோ விறைத்து நின்றால்தான் கோலை வளைக்கும். ஆகவே கயிற்றை முதலில் பின்னால் வீசி, அது நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். கோலின் நுனி நேர்கோட்டில் வேகம் பிடித்துச் சட்டென்று நிற்கும்போது, கயிற்றின் கீழ்ப்பாதி நுனியோடு நின்றுவிடுகிறது, மேல்பாதி ஓடுகிறது. நடுவில் ஒரு வளைவு. வளைவு முன்னேற முன்னேற ஓடும் பகுதி குட்டையாகிறது. மிச்சமிருக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும் எடையில் குவிவதால், காற்று தடுத்தும் கயிற்றின் நுனி வேகம் இழப்பதில்லை. சாட்டையும் இப்படித்தான். அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டும்போதுதான் 'படீர்' என்கிறது. உங்கள் தலைக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஈ அறுந்து போயிருக்கும், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

மணிக்கட்டை விசிறிபோல ஆட்டினால் கோலின் நுனி அரைவட்டம் போடும், வளைவு அகலும், காற்று அதை விழுங்கிவிடும்.

இதெல்லாம் திறந்தவெளிக்குச் சரி. செம்பனையை வழக்கமாக 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். நம் கயிற்றின் நீளமும் அதே 9! கணக்குக்கு இடம் இருக்கிறது, மட்டைகள்தான் விடாது. முதல் நாள் என் ஈ மட்டையில் மாட்டிக்கொண்டபோது, பழத்தோடு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "தம்பி, மேல என்ன, காக்கா பிடிக்கிறியா?"

பின்னால் இடமில்லாதவனுக்குக் கைகொடுப்பது உருட்டு வீச்சு. கயிற்றை நீரில் கிடத்தி, கோலை மெதுவாகக் காதருகே கொண்டுவர வேண்டும். கோலுக்குப் பின்னால் கயிறு தொப்பைபோலத் தொங்கும், அதன் முனை நீரிலேயே கிடக்கும். இங்கே ஒரு நொடி நிற்பதுதான் வித்தை. நீர் கயிற்றின் முனையைப் பிடித்து வைத்திருப்பதால், பின்வீச்சு செய்ய வேண்டிய வேலையை அந்தப் பிடியும் தொப்பையின் எடையும் சேர்ந்து செய்துவிடுகின்றன. பிறகு முன்னால் தள்ளி நிறுத்தினால் கயிறு நீர்மேல் சக்கரமாக உருண்டு விரியும். நீரில் கிடக்கும் கயிறு அதிகமானால் அதைப் பிய்த்தெடுக்கவே பலம் போய்விடும். குறைந்தால் பிடி நழுவி ஈ காதுப் பக்கம் வரும். நான் ஒரு வாரம் தோட்டத்துத் திடலில் பழகி, ஒன்றும் தேறாமல் கையை நொந்துகொண்டேன். பிழை கையில் இல்லை, புல்லில். தண்ணீர் பிடிப்பதுபோல் புல் கயிற்றைப் பிடிக்காது.

மூங்கில் இரு கரையிலும் கவிந்து நிற்கும் இடத்தில் உருட்டவும் முடியாது. விழுந்த கட்டையோரம் செபராவ் மீன் பதுங்கியிருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அங்கே கயிற்றின் எடையையே மறந்துவிடலாம். ஆற்றலைக் கோலில் சேமிக்கலாம், லாஸ்டிக் ரப்பரை இழுப்பதுபோல. கோலின் நீளத்துக்குக் கயிறு விட்டு, ஈயைப் பிடித்துப் பின்னால் இழுத்து, வளைந்த கோலைக் குறிபார்த்து விட்டுவிட வேண்டும். 7 அடிக் கோல் என்றால் ஈ ஏறக்குறைய 14 அடி போகும், 4 மீட்டர் சொச்சம். மூங்கிலுக்கடியில் ஒடுங்கி ஓடும் ஓடைக்கு அது போதும். பிடிக்கும்போது முள்ளின் வளைவைப் பிடியுங்கள், கூர் வெளிப்பக்கம் இருக்கட்டும். என் கட்டைவிரல் அதை இரண்டு முறை கற்றுக்கொண்டது.