பேஸ்மெண்டில் பீர் காய்ச்சுகிறீர்களா? ஒரு ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள்

டொராண்டோ வட்டாரத்தில் வீடுகளுக்கு ஹீட்டிங், காற்றோட்ட வேலை பார்ப்பவன் நான். குளிர் தொடங்கிவிட்டால் வரும் அழைப்புகளில் பாதி வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், மீதி பூஞ்சை. சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில் மார்க்கம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணா, பேஸ்மெண்ட் சீலிங்ல கறுப்புக் கறுப்பா புள்ளி வருது. குழாய் எதுவும் ஒழுகலை. என்னன்னே தெரியலை."

போய்ப் பார்த்தால் ஜன்னல் விளிம்பெல்லாம் ஈரம். சீலிங் ஜிப்சம் பலகையின் காகிதத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. மூலையில் ஒரு 50 லிட்டர் எவர்சில்வர் பானை, அடியில் 240 வோல்ட்டில் ஓடும் 5500 வாட் எலிமெண்ட். மாதம் இரண்டு சனிக்கிழமை அதில் பீர் காய்ச்சுகிறாராம். கனடாவில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. (ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்து ஆசைப்படுபவர்கள், தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருப்பதை மறந்துவிட வேண்டாம்.)

கேஸ் பர்னரில் காய்ச்சுபவர்கள் பயந்துகொண்டு வீட்டுக்கு வெளியே போய்விடுவார்கள். எலெக்ட்ரிக் என்றதும் தைரியமாக உள்ளே வந்துவிடுகிறார்கள். நெருப்பு இல்லை, புகை இல்லை என்பது சரிதான். ஆவி இருக்கிறதே!

இட்லிக்கு வரும் ஆவி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறவைத்து வடித்த இனிப்புத் தண்ணீரை, அவர்கள் பாஷையில் வோர்ட்டை, ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பில்ஸ்னர் மால்ட் என்றால் பலர் 90 நிமிடம் விடுவார்கள். மூடி போட்டுக் கொதிக்கவைக்கவும் முடியாது. மால்ட்டிலிருந்து டைமெத்தில் சல்ஃபைட் என்ற கந்தகச் சேர்மம் உண்டாகும். அது ஆவியோடு வெளியேறாவிட்டால் பீரில் வெந்த சோளமும் முட்டைக்கோஸும் கலந்த வாடை வரும்.

எவ்வளவு ஆவி? ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்க 2257 கிலோஜூல் தேவை. 5500 வாட்டை முழுசாக முடுக்கினால் மணிக்கு எட்டரை லிட்டருக்கு மேல் போகும். யாரும் அவ்வளவு வைப்பதில்லை, பாதியில் வைப்பார்கள். அப்போதும் மணிக்கு நாலு லிட்டர் தண்ணீர் அறைக்குள் இறங்குகிறது. ஆவியாக இருக்கும்போது அதன் கன அளவு ஆறாயிரத்து சொச்சம் லிட்டர், அதாவது ஒரு சின்ன பாத்ரூம் நிறைய. குளிர்காலத்தில் வீட்டு ஈரப்பதத்தை 30 சதவீதத்தை ஒட்டி வைக்கச் சொல்கிற நாட்டில், குளிர்ந்த சுவரில் அது படிந்து நிற்காமல் வேறென்ன செய்யும்?

"நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் செய்த தப்பு அதுதான். பானையிலிருந்து பத்தடியில் கேஸ் வாட்டர் ஹீட்டர் நின்றதை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை.

தம்பி கைவேலை தெரிந்தவர். அடுத்த நவம்பரில் மறுபடி போனபோது அவர் செய்திருந்ததைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. பானைக்கு மேலே ஆவியைப் பிடிக்கும் ஹூட், பானையைவிடச் சுற்றிலும் மூன்று அங்குலம் அகலம். உள் விளிம்பில் மடிப்பு வைத்து ஒரு சின்ன ஓடை. இட்லிப் பானை மூடியிலிருந்து தண்ணீர் சொட்டி மேல் தட்டு இட்லி கொழகொழவென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான் இங்கேயும். ஹூட்டில் குளிர்ந்த நீர் திரும்பப் பானைக்குள் சொட்டினால், விரட்டிய வாடையைத் திரும்பக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். அந்தத் தண்ணீர் ஓடை வழியாக ஒரு வாளிக்குப் போனது. டக்ட் 6 அங்குலத் தகரக் குழாய். மடிப்பு மடிப்பாக இருக்கும் ஃபாயில் குழாய் இல்லை. அது நடுவில் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் தண்ணீர் கட்டி, காற்றை அடைத்துவிடும். துணி உலர்த்தும் டிரையரின் குழாயோடு இணைக்காமல் வெளியே தனி வழி விட்டிருந்தார். 5500 வாட்டுக்கு நிமிடத்துக்கு 300 கன அடிக்கு மேல் இழுக்க வேண்டும் என்று காய்ச்சுபவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. இவர் 400 கன அடி ஃபேன் போட்டிருந்தார். சீலிங் பளிச்சென்று காய்ந்திருந்தது.

அப்புறம் எதற்குக் கூப்பிட்டார்? "காய்ச்சற அன்னைக்கு மட்டும் தலைவலி அண்ணா. வீட்டுக்காரிக்கும் வருது. மால்ட் வாசனை ஒத்துக்கலை போல. அந்த வாசனையை ஏதாவது பண்ண முடியுமா?"

இந்த முறை நேராக வாட்டர் ஹீட்டரிடம் போனேன். பழைய வகை. தொட்டியின் தலையில் சின்னக் குடை மாதிரி ஒரு தகரம், அதற்கு மேல் புகைக்குழாய். தொட்டிக்கும் குடைக்கும் நடுவே இடைவெளி திறந்தே இருக்கும். சூடான புகை தானாக மேலே எழும் என்ற நம்பிக்கையில் ஓடும் சாதனம், தள்ளிவிட ஃபேன் கிடையாது. தொட்டியின் மேல்தகட்டில் குடையைச் சுற்றித் துரு. தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்தில் இருந்த பிளாஸ்டிக் வளையம் உருகி ஒரு பக்கமாக வழிந்திருந்தது. மேலே போக வேண்டிய சூடு கீழே கொட்டியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனாலும் கண்ணால் பார்த்தால்தான் அவர் நம்புவார். சாமி அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தி வாங்கினேன். ஜன்னல், கதவெல்லாம் சாத்தி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஹீட்டரை எரியவைத்தேன். குடை ஓரத்தில் ஊதுபத்தியைப் பிடித்ததும் புகை ஒரு நூல் மாதிரி உள்ளே இழுபட்டு மேலே போனது. "இப்ப உங்க ஃபேனைப் போடுங்க" என்றேன். அரை நிமிடம்தான். நூல் ஆடியது, நின்றது, அப்படியே திரும்பி என் முகத்தில் அடித்தது. உடனே ஃபேனை நிறுத்தி ஜன்னலைத் திறந்தோம். தம்பி ஒன்றும் பேசவில்லை. மாடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

நடப்பது இவ்வளவுதான். நிமிடத்துக்கு 400 கன அடி காற்று வெளியே போனால், அதே 400 கன அடி எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். குளிருக்காக நாமே ஓட்டை ஒடிசல் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறோம். மிச்சமிருக்கும் பெரிய திறப்பு வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாய்தான். காற்று அதன் வழியாகக் கீழே இறங்கும். கார்பன் மோனாக்சைடு இருந்தால் அதுவும் கூடவே இறங்கும். அந்த நச்சுவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பானையில் நெருப்பு இல்லை என்று நிம்மதியாக இருக்கிறோம். நெருப்பு பத்தடி தள்ளி எரிகிறது.

"அலாரம் கத்தலையே அண்ணா?" என்றார். நியாயமான கேள்வி. ஒன்டாரியோவில் 2014 முதல் கேஸ் சாதனம் உள்ள வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், அவரும் வைத்திருந்தார். ஆனால் பொய் அலாரம் அடிக்காமல் இருக்க அவற்றின் தர விதியிலேயே தாமதம் உண்டு. 70 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு) அளவில் அலாரம் அடிக்க ஒரு மணி முதல் நாலு மணி நேரம் வரை ஆகலாம். வோர்ட் கொதிப்பதோ ஒன்று, ஒன்றரை மணி. தலைவலி வந்து, கொதி முடிந்து, ஃபேன் நின்று, காற்று தெளிந்துவிடும். அலாரம் வாயே திறந்திருக்காது. அதற்காக அதைக் கழற்றிவிடாதீர்கள். 400 பிபிஎம் வந்தால் கால் மணிக்குள் கத்தி எழுப்புவது அதுதான்.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். கேஸ் வாடை இருந்தால் மட்டும் எதையும் கொளுத்தாமல் வெளியே வந்து கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். பீர் ஃபேனோடு டிரையர், சமையலறை ஹூட், பாத்ரூம் ஃபேன் எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஹீட்டர் எரியத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து ஊதுபத்தியைப் பிடியுங்கள். ஹீட்டர் எரியத் தொடங்கிய முதல் ஓரிரு நிமிடம் புகை கொஞ்சம் தடுமாறுவது சகஜம். அதற்குப் பிறகும் வெளியே வந்தால் ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், ஹீட்டரை அணையுங்கள், உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இரண்டு நேராக வெளியே போகும் புது ஃபர்னஸ்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. காற்றை அவை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

வழி என்ன? ஃபேன் போடும்போதெல்லாம் ஜன்னலை ஒரு சதுர அடிக்குக் குறையாமல் திறந்து வைக்கலாம், முடிந்தால் ஹூட்டுக்கு எதிர்ப்பக்கத்தில். திறந்த பிறகும் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் இதைச் செய்யும்போதுதான் வலிக்கும். மைனஸ் 10 டிகிரியில் வரும் 300 கன அடிக் காற்றை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 5 கிலோவாட் சூடு வேண்டும். பானையை முழுசாக முடுக்கினால் ஆகும் மின்சாரம் அளவுக்கு இன்னொரு பங்கு ஜன்னலில் போகிறது. அதனால்தான் ஆட்கள் இரண்டாம் முறை ஜன்னலைத் திறக்க 'மறந்து' விடுகிறார்கள். மறதியை நம்பி நான் யாருக்கும் வேலை செய்து கொடுப்பதில்லை.

தம்பிக்கு நான் சொன்னது ஃபேனையே விட்டுவிட்டு ஸ்டீம் கண்டென்சருக்கு மாறச் சொல்லி. பானை மூடியில் ஒரு குழாய், அதற்குள் நுண்துளை முனை ஒன்று குளிர்ந்த நீரைத் தெளிக்கும். ஆவி அங்கேயே நீராகி, அந்த கந்தக வாடையையும் சேர்த்துக்கொண்டு சாக்கடைக்குப் போய்விடும். மூடி போட்டே கொதிப்பதால் 2000 வாட்டுக்குள் வேலை முடியும். அறைக் காற்றை வெளியே இழுப்பதே இல்லை. இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். வெளியேறும் ஹோஸின் நுனி தண்ணீருக்குள் முங்கவோ மடங்கவோ கூடாது, ஆவிக்கு வேறு வழி கிடையாது. கொதி முடிந்ததும் முதலில் மூடியைத் திறந்துவிட்டு அப்புறம் தண்ணீரை நிறுத்துங்கள். மூடிய பானைக்குள் ஆவி சட்டென்று சுருங்கினால் மெல்லிய தகடு உள்வாங்கிவிடும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது என் தொழில் இல்லை. 240 வோல்ட் இணைப்பைப் பதிவு பெற்ற எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரை வைத்து, அனுமதி எடுத்து, மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிரேக்கரோடு போடுங்கள். கன்ட்ரோல் பெட்டியை ஹூட்டுக்கு அடியில் மாட்டாதீர்கள். அவ்வளவுதான்.

அவருடைய வாட்டர் ஹீட்டர் வாடகைக்கு எடுத்தது, இங்கே பல வீடுகளில் அப்படித்தான். கம்பெனிக்கு நான் அங்கிருந்தே போன் போட்டு, ஃபேன் வைத்துப் புகை தள்ளும் வகைக்கு மாற்றக் கேட்டேன். மாற்றிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை அவர் காய்ச்சவில்லை, தலைவலியும் வரவில்லை. போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊதுபத்திப் பாக்கெட் இருந்தது, பாதி தீர்ந்திருந்தது.