உருண்டைக் கல்லெல்லாம் பனி உருட்டியதா?

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் போர்வெல்லுக்குப் பாயிண்ட் பார்த்துக் கொடுக்கும் நிலவியல்காரன் நான். தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்று கேட்டு முடித்ததும் பலர் அடுத்து கேட்பது மலைமேல் நிற்கும் குண்டுக்கற்களைப் பற்றித்தான். "சார், இதெல்லாம் பழைய காலத்துப் பனிப்பாறை உருட்டிக்கொண்டு வந்து போட்டதாமே, வாட்ஸ்அப்பில் வந்தது." அந்த பார்வர்டின் வால் எப்போதும் ஒன்றுதான்: பனி காலங்காலமாக வந்துபோனதுதான், இப்போது அண்டார்டிகாவில் உருகுவதும் அதே கணக்கு, கவலைப்பட ஒன்றுமில்லை. கல் பற்றிச் சொன்னது தப்பு. பனி பற்றிச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது சுலபமாகப் பரவுகிறது.

முதலில் கல். காட்பாடி பக்கமோ வள்ளிமலையிலோ ஒரு குண்டுக்கல்லின் சிறு துண்டையும் அது உட்கார்ந்திருக்கும் அடிப்பாறையின் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கல்தான். பாறையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்து, நடுவில் கெட்டியான உருண்டையை விட்டுவிடுகிறது. சுற்றியிருந்த மண் மழையில் கரைந்து போனதும் உருண்டை மட்டும் நிற்கிறது. அது எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயே உருவானது. போர் போடும்போது வண்டிக்காரர்கள் "கல்லு, மண்ணு, மறுபடி கல்லு" என்று அலுத்துக்கொள்வதும் இதனால்தான், மண்ணுக்குள் இன்னும் வெளிவராத உருண்டைகள் இருக்கின்றன.

பனி கொண்டுவந்து போட்ட கல் வேறு மாதிரி இருக்கும். கீழே ஒரு பாறை, மேலே அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு பாறை. அடிப்பாறையில் ஒரே திசையில் நீளமாக ஓடும் கீறல்கள் தெரியும், பனியின் அடியில் ஒட்டியிருந்த கற்கள் உரசிய தடம் அது. பனி ஏறி வந்த பக்கம் பாறை வழவழப்பாகவும், இறங்கிப் போன பக்கம் பிய்த்தெடுத்தது போல முரடாகவும் இருக்கும். இந்த மூன்றும் வேலூர் மலைகளில் இல்லை. இந்தியாவில் பனி இருந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒடிசாவின் தால்சேரில் பனி விட்டுச்சென்ற கற்படுகையை 1856-இலேயே அடையாளம் கண்டுவிட்டார்கள், வயது சுமார் 30 கோடி ஆண்டு. அப்போது நம் நிலம் அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டு தென்துருவத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆனால் அந்தக் கதைக்கும் காட்பாடிக் குண்டுக்கல்லுக்கும் தொடர்பு கிடையாது.

பனி எழுதிய வரலாற்றைப் படிக்க வேண்டுமென்றால் கிழக்கு அண்டார்டிகாவின் கரைக்குத்தான் போக வேண்டும். ப்ரிட்ஸ் விரிகுடாவில் லார்ஸ்மன் குன்றுகள் என்று ஒரு இடம், பனி மூடாத நிலம் மொத்தமே 40 சதுர கிலோமீட்டர் அளவு, அதற்குள் நூற்றைம்பது ஏரிகள் வரை. 2012-இல் தொடங்கிய நம் பாரதி ஆய்வு நிலையம் இங்கேதான் இருக்கிறது. 1989-இலிருந்து இயங்கும் மைத்ரி நிலையம் மேற்கே வெகுதூரம் தள்ளி ஷிர்மாக்கர் பாலைச்சோலை என்ற, பனி மூடாத இன்னொரு நிலத்தில் இருக்கிறது. அங்கே தட்சிண கங்கோத்ரி என்ற பனியாற்றின் (நிலத்தின் மேல் ஆறு போல மெல்ல நகரும் பனியின்) முனையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்காரர்கள் எண்பதுகளிலிருந்து அளந்துவருகிறார்கள், அது மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது லார்ஸ்மன் குன்றுகளின் அந்த ஏரிகள். நம்மூரில் பாலாற்றங்கரையில் துளை போடும்போது மேலே மணல், அப்புறம் களி, அப்புறம் நைந்த பாறை என்று வருவதை வைத்து ஆறு எங்கே ஓடியது என்று சொல்கிறோமே, அதையேதான் அங்கே போகும் ஆய்வாளர்கள் ஏரியின் அடிவண்டலில் குழாயைச் செருகி எடுத்துச் செய்கிறார்கள். அந்த வண்டலில் டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள் கிடைக்கும். கடலில் வாழும் வகை வேறு, நன்னீரில் வாழும் வகை வேறு. ஓர் அடுக்கில் கடல் வகையும் அதன் மேல் நன்னீர் வகையும் இருந்தால், கடல் உள்ளே புகுந்திருந்த பள்ளம் பிறகு துண்டிக்கப்பட்டு ஏரியானது என்று அர்த்தம், அந்த அடுக்கை, செத்த உயிரில் கதிரியக்கக் கார்பன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் கார்பன் முறையில் காலக்கணிப்பு செய்தால் எப்போது என்பதும் தெரிந்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், நேற்று செத்த சிப்பிகூட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையதாகக் காட்டும். அதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் வரலாறே தள்ளிப்போய்விடும்.

இப்படிப் படித்ததில் ஓர் ஆச்சரியம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அண்டார்டிகாவின் கரையெல்லாம் பனிக்கடியில்தான் இருந்திருக்கும் என்று நினைப்போம். ஆனால் லார்ஸ்மன் குன்றுகளின் ப்ரோக்னஸ் தீபகற்பத்தில் சில ஏரிகளின் வண்டல் அதைவிடப் பழையது, அதாவது அந்த இடங்களை அப்போது பனி அரித்துத் துடைக்கவில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஸ்டோர்னஸ் தீபகற்பம் பனிக்கடியில் போயிருந்ததாகத் தெரிகிறது. 'பனி வந்தது, போனது' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறவர்கள் இந்த நுணுக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

வடகிழக்கே நூறு கிலோமீட்டர் போனால் வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகள். அங்கே இன்றைய கடல்மட்டத்துக்குச் சுமார் 9 மீட்டர் மேலே பழைய கடற்கரை கிடக்கிறது. கடல் இறங்கிவிட்டதா என்றால், நிலம் ஏறியதுதான் முக்கியக் காரணம். கிலோமீட்டர் கணக்கில் பனி உட்கார்ந்தால் அந்த எடையில் பூமியின் ஓடே கீழே அமுங்கும், பனி போனதும் உடனே எழாது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல மெல்ல எழும். அந்த இடைவெளியில் கடல் பள்ளங்களுக்குள் புகுந்தது, நிலம் எழுந்ததும் உள்ளே மாட்டிக்கொண்டது. அப்படி மாட்டிய டீப் லேக் என்ற ஏரி வற்றி வற்றி, கடல்மட்டத்துக்கு 50 மீட்டர் கீழே, கடலைப் போலப் பத்து மடங்கு உப்போடு கிடக்கிறது. துருவக் குளிரிலும் அது உறைவதில்லை.

இப்போது பார்வர்டுக்கு வருகிறேன். ஆமாம், பனியுகம் முடிந்தபோது கடல் 120 மீட்டருக்கு மேல் ஏறியது. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம் என்ற நிலை அப்போதுதான் முடிந்தது. அதிலும் கடல் ஏறிய வேகம் சில நூற்றாண்டுகளில் இன்றைய வேகத்தைவிட ரொம்ப அதிகம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது கரையில் சென்னை இல்லை, கடலூர் இல்லை, அனல்மின் நிலையமோ துறைமுகமோ கிணறோ இல்லை, கடல் ஏறினால் ஆட்கள் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். அந்தப் பழைய ஏற்ற இறக்கங்களைத் தொடங்கிவைத்தது பூமியின் சுற்றுப்பாதையில் நடக்கும் மெதுவான மாற்றம். இப்போது அது காரணம் இல்லை, நாம் காற்றில் விடும், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயுதான் காரணம். அண்டார்டிகாவின் உள்ளே டோம் சி என்ற இடத்தில் ஆழமாகத் துளையிட்டு எடுத்த பனித்தூணில் 8,00,000 ஆண்டுக் காற்று சிறைப்பட்டிருக்கிறது, அவ்வளவு காலத்திலும் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டிக் குறிப்பிடும்படி போனதில்லை. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 'அதே கணக்கு' என்பவர்கள் இந்த எண்ணை எங்கே வைப்பார்கள்?

இன்னொன்றும் கேட்கிறார்கள், மிதக்கும் பனி உருகினால் கடல் ஏறாதே என்று. சரிதான், டம்ளரில் ஐஸ் போட்டுப் பார்த்தாலே தெரியும். ஆனால் கரையோரம் மிதக்கும் பனித்தட்டு பின்னால் நிலத்தின் மேல் இருக்கும் பனியாற்றுக்கு அணை மாதிரி. 2002-இல் அண்டார்டிகாவின் லார்சன் பி என்ற பனித்தட்டு சில வாரங்களில் நொறுங்கியபோது, அதன் பின்னால் இருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமாகக் கடலுக்குள் இறங்கின.

அப்படியானால் வேலூருக்குக் கடல் வருமா என்று குடியாத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கேட்டான். வராது. வேலூர் கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அண்டார்டிகாவின் மொத்தப் பனியும் உருகினாலும் கடல் ஏறுவது 58 மீட்டர் அளவுதான், அதற்கும் பல ஆயிரம் ஆண்டு பிடிக்கும். சிக்கல் பாலாற்றின் அந்த முனையில், சதுரங்கப்பட்டினம் பக்கம் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. கடல் ஒரு முழம் ஏறினாலும், மேலிருந்து வரும் நன்னீர் குறைந்திருக்கும்போது, உப்பு நிலத்தடியில் உள்நோக்கி நகரும். ஆண்டில் பெரும்பகுதி ஆறு வறண்டு கிடப்பதும், வாலாஜாவிலும் ஆற்காட்டிலும் ஆற்று மணலை அள்ளியதும், நாம் பக்கத்துக்குப் பக்கம் போர் போட்டு உறிஞ்சுவதும் அந்த நன்னீரைத்தான் குறைக்கின்றன. அதனால் இனி என்னிடம் பாயிண்ட் கேட்டு வருகிறவர்களிடம் மழைநீரைப் பழைய கிணற்றுக்குள் விடும் குழி தோண்டியாயிற்றா என்று முதலில் கேட்கப்போகிறேன், பிறகுதான் கருவியை எடுப்பேன்.