முள் சிவப்பைத் தொட்டால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்

போன வாரம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு காரைக் கிரேனில் என் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். உசிலம்பட்டியில் குலதெய்வக் கோயிலில் மகளுக்குக் காதுகுத்த, சென்னையிலிருந்து கிளம்பி வந்த குடும்பம். துவரங்குறிச்சி தாண்டியதும் ரேடியேட்டர் ஹோஸ் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் ரப்பர்க் குழாய்) வெடித்து ஒழுகத் தொடங்கியிருக்கிறது. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறியதைப் பார்த்து, வண்டி ஓட்டியவர் சாலையோரக் கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றினார். கொட்டாம்பட்டியில் மறுபடியும் ஊற்றினார். மேலூருக்கு முன்னால் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்த மைத்துனருக்கு முன்கையெல்லாம் கொப்புளம். ஹோஸின் விலை சில நூறு ரூபாய். நான் எழுதிக் கொடுத்த மதிப்பீடு 60,000 ரூபாய்க்கு மேல். இந்தக் கோடையில் இப்படி வந்த நான்காவது வண்டி இது.

“கொட்டாம்பட்டியிலேயே நிறுத்தியிருக்கலாமே தம்பி?” என்று கேட்டேன்.

“தெரியாத ஊரில் யாரை நம்பி விடுவது அண்ணே? மதுரை வந்துவிட்டால் மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். அதோடு, கடைசியில் முள்ளும் இறங்கிவிட்டது.”

நான்கு வண்டிக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். முதலில் அந்த முள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இன்ஜினின் சூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை; சென்சாரைச் சுற்றியிருக்கும் நீரின் சூட்டைத்தான் சொல்கிறது. நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் இறங்கலாம். சிவப்புக்குப் போன முள் நீங்கள் ஒன்றும் செய்யாமலே தானாக இறங்கினால் வண்டி குளிர்ந்துவிட்டது என்று பொருளல்ல. உள்ளே நீரே இல்லாமல் போயிருக்கலாம். தயவுசெய்து இதை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள். இப்போது பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் பேச்சே வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

“அப்பா அம்பாசடரில் தண்ணீர் ஊற்றி ஊற்றியே ஊர் வந்து சேர்ந்தாரே” என்பார்கள். அந்த இன்ஜின் வார்ப்பிரும்பு. இன்றைய கார்களில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம். அளவு மீறிச் சூடேறினால் வளைந்துவிடும், அதற்கடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும். லேத்தில் கொடுத்து மட்டம் செய்து காப்பாற்றிவிடலாம் என்பதும் ஓரளவுக்குத்தான். வளைவு அதிகமென்றால் ஹெட்டையே மாற்ற வேண்டும். இன்னொன்று: எங்கள் பக்கத்து ஆழ்குழாய் நீர் பல இடங்களில் உப்பு. அதையே ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரைக் கழற்றினால் உள்ளே சுண்ணாம்பாக அடைத்திருக்கும்.

வண்டியை இடது ஓரம் ஒதுக்குங்கள். ஒதுக்க இடம் கிடைக்கும் வரை ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வையுங்கள். கொஞ்சம் சூட்டை அது இழுக்கும். நின்றதும் இன்ஜினை அணையுங்கள். நான்கு இண்டிகேட்டர் விளக்குகளும் விட்டுவிட்டு எரியட்டும், முக்கோணப் பலகை நன்றாகப் பின்னால் தள்ளி நிற்கட்டும். குழந்தைகளை வண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள். நான்குவழிச் சாலையில் நிற்கும் காரின் பின்னால் லாரி வந்து மோதுவது எங்களுக்குப் புதிய செய்தியல்ல. எல்லோரும் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். ரேடியேட்டர் மூடியை முழுதாக ஆறும்வரை தொடாதீர்கள். உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட, 100 டிகிரியைத் தாண்டிய நீர். திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உங்கள் காப்பீட்டில் சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காப்பீடு இப்படிப் பழுதான இன்ஜினுக்குப் பணம் தராது. தானியங்கி கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. மேலே ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். எங்கள் தொழிலில் ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. உங்கள் ஊர் மெக்கானிக்கைத் தொலைபேசியில் பிடித்து, வண்டியைப் பார்க்கிறவரோடு பேச வையுங்கள். இரண்டு மெக்கானிக்குகள் பேசிக்கொண்டால் பொய் நிற்காது. வேலை தொடங்கும் முன் தொகையை எழுதி வாங்குங்கள். புதிய பாகத்தை உங்கள் முன்னால் பெட்டியிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள், பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றால் மட்டும் சாலையோரத்தில் சம்மதிக்காதீர்கள். ஹோஸ் மாற்றுவதற்கு எந்த ஊர் மெக்கானிக்கும் போதும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பானட்டைத் திறந்து இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் அளவைப் பாருங்கள். ஹோஸ்களை விரலால் அழுத்துங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, ஊதியதுபோல் இருந்தாலோ, கிளிப் அருகே கறை படிந்திருந்தாலோ, உங்களுக்குத் தெரிந்த அந்த மெக்கானிக்கிடமே கொடுத்து மாற்றிக்கொண்டு புறப்படுங்கள்.