சாலிக்கோதேரியம்: பரற்பல் விலங்கு

சாலிக்கோதேரியம் என்பது மயோசீன் காலத்தில் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு) வாழ்ந்து அற்றுப்போன தாவர உண்ணிப் பேரினம் ஒன்றின் அறிவியற்பெயர். செருமனியின் எப்பெல்சைம் என்னும் ஊரில் கிடைத்த எச்சங்களைக் கொண்டு செருமானிய இயற்கையியலாளர் யோகான் யாக்கோபு கௌப் 1833-இல் இப்பெயரை இட்டார். கிரேக்க மொழியில் 'காலிக்சு' என்பது பருக்கைக்கல்லையும் 'தேரியோன்' என்பது விலங்கையும் குறிக்கும். கூழாங்கல்லை ஒத்த கடைவாய்ப் பற்களே பெயருக்குக் காரணம் என்பர்.

பல்லை மட்டும் பார்த்தால் இது குதிரை, காண்டாமிருகம் ஆகியவற்றின் இனமான ஒற்றைப்படைக் குளம்பிகளைச் சேர்ந்தது. ஆயின் இதன் விரல்களில் இருந்தவை குளம்புகள் அல்ல, வளைந்த பெரிய உகிர்கள், அதாவது கூர்நகங்கள். அதே எப்பெல்சைமில் முன்பே கிடைத்திருந்த உகிரெலும்பு ஒன்றைப் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே ஒரு மாபெரும் அலுங்கினுடையது (செதில் போர்த்த எறும்புத்தின்னியினுடையது) என்றே கருதினார். குளம்பி ஒன்றின் பல்லும் அலுங்கின் நகமும் ஒரே உடலுக்குரியவை என்று அன்று யாருக்குத்தான் தோன்றியிருக்கும்? பிற்பாடு பிரான்சின் சான்சானில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த பிரெஞ்சுத் தொல்லுயிரியலாளர் ஃபிலோல் இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்தார்.

முன்னர் இப்பேரினத்திலேயே வைக்கப்பட்டு இன்று அனிசோடான் எனப் பிரிக்கப்பட்டுள்ள நெருங்கிய உறவினத்தின் எலும்புகளிலிருந்தே இதன் உடலமைப்பைப் பெரிதும் அறிகிறோம். முன்கால்கள் பின்கால்களைவிட மிக நீண்டிருந்ததால் முதுகு பின்னோக்கிச் சரிந்திருந்தது. நடக்கும்போது உகிர்களை உள்மடித்து, விரல்முட்டிகளை ஊன்றியது. எனவே உகிர்கள் தேயாமல் கூர்மை காத்தன. இடுப்பெலும்பின் அடிப்பகுதி தடித்திருப்பதால், அமர்ந்தபடியே முன்கால்களால் கிளைகளை வளைத்து இலைகளைத் தின்றிருக்க வேண்டும். பற்களின் ஈறுக்கு மேற்பட்ட பகுதி குட்டையாயிருப்பதும் மென்மையான தழையுணவையே காட்டுகிறது. புல்லை அரைப்பதற்கு அப்பற்கள் ஏற்றவையல்ல.

தமிழில் 'பரற்பல் விலங்கு' என்பது பொருந்தும். சிலம்பின் உள்ளிடும் பரலும் வழியிற் கிடக்கும் பருக்கைக்கல்லும் ஒரே சொல்லில் அடங்குவதால், 'காலிக்சு' என்பதற்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைப்பது அரிது. 'பரற்பல்லி' எனச் சுருக்கினால் சுவரில் ஊரும் பல்லி நினைவுக்கு வந்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். சாலிக்கோதேரியமும் அதன் உறவினங்களும் அடங்கிய குடும்பம் முழுவதற்கும் 'உகிர்க்குளம்பிகள்' என்பதே என் தேர்வு. முரண்போல் ஒலிப்பினும் அவ்விலங்குகளின் இயல்பும் அத்தகையதே. வட அமெரிக்காவில் வாழ்ந்த மோரோப்பசும் இக்குடும்பத்ததே. ஆனால் அது முட்டிகளை ஊன்றாமல், உகிர்நுனிகளை மேலே தூக்கிக்கொண்டு விரல்களால் நடந்தது. ஆதலின் அதனைப் பரற்பல் விலங்கு என்றல்லாமல் உகிர்க்குளம்பி என்றே வழங்க வேண்டும்.