பெட்டகம் கோப்பிலா, வீட்டு சர்வரிலா?

கடவுச்சொற்களைப் பிறர் சர்வரில் வைக்க மனமில்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. டொமினிக் ரைக்கிள் 2003-இல் வெளியிட்ட கீபாஸ், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பூட்டி வைக்கிறது. வால்ட்வார்டனோ ஒரு சர்வர். வீட்டிலுள்ள ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியிலேயே அதை ஓட்டலாம். பிட்வார்டன் என்ற கடவுச்சொல் மேலாளரின் செயலிகள் அதனோடு இணைந்துகொள்ளும்.

எது பாதுகாப்பானது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். பூட்டும் விதத்தில் இரண்டும் நெருங்கிய உறவு. நாம் தட்டும் முதன்மைக் கடவுச்சொல்லை ஆர்கான்2 போன்ற கணக்கீட்டில் போட்டுப் பிசைந்துதான் சாவி பிறக்கிறது. ஆர்கான்2 வேண்டுமென்றே நினைவகத்தை விழுங்கும். நமக்கு ஒரு நொடித் தாமதம். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் திருடனுக்குக் கட்டுப்படியாகாத செலவு. வால்ட்வார்டனிலும் கடவுச்சொற்கள் நம் கைபேசியிலேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்குப் போகின்றன.

வேறுபாடு தெரிவது இரண்டு கருவிகளில் மாற்றம் செய்யும்போது. கீபாஸ் கோப்பு கைபேசியிலும் மடிக்கணினியிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் கைபேசியில் வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுகிறீர்கள். அது மடிக்கணினிக்கு வந்து சேருமுன் அங்கே மின்கட்டணக் கணக்கைச் சேர்க்கிறீர்கள். சிங்திங் போன்ற ஒத்திசைவு மென்பொருளுக்குக் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மோதல் பிரதி என்று பெயர்மாற்றி ஒதுக்கிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணும் கடைசியாக மாற்றிய நேரமும் உள்ளே இருப்பதால், கீபாஸ் கோப்புகளைத் திறக்கும் கீபாஸ்எக்ஸ்சி என்ற செயலி இரண்டையும் ஒன்றாக்கித் தரும். ஆனால் மோதலைக் கவனித்து அந்த வேலையைச் செய்யச் சொல்வது நாம்தான். சர்வரில் ஒவ்வொரு பதிவும் தனித்தனியாகப் போவதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

ஒருவருக்கு மட்டும் என்றால் நான் கோப்பையே சொல்வேன். பராமரிக்க எதுவுமில்லை, பென்டிரைவில் நகலெடுத்தால் காப்புப்பிரதி தயார். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் கணக்குகள் இருந்தால் சர்வர்தான் சுகம். அதற்குப் பாதுகாப்பான இணைப்புக்கான ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் வேண்டும், மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். காப்புப்பிரதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு: வால்ட்வார்டன் வழக்கமாகப் பதிவுகளை வைக்கும், ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்தால் பிரதி பழுதாகலாம். அதற்கென்றே உள்ள காப்புக் கட்டளையால் எடுக்க வேண்டும்.

சர்வர் நின்றுபோனாலும் ஏற்கெனவே உள்நுழைந்த கைபேசியில் பழைய பதிவுகளைப் படிக்கலாம். புதுக் கைபேசியில் நுழைய முடியாது. ஆகவே சர்வரை மீண்டும் கிளப்பும் வழி வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.